துளசிமணி கப்பலில் இருக்கிறாள்

துளசி கப்பலில்தான் இருக்கிறாள். இருக்கத்தான் வேண்டும். ஏறும்போது கப்பலில் கொடுத்த கார்டைக் காட்டினேன், என் கார்டு ஒன்று, அவள் கார்டு ஒன்று, இயந்திரம் இரண்டு தடவை கீச்சென்றது, நீலச் சட்டைக் காவலாள் தலையாட்டினான், உள்ளே வந்துவிட்டோம். வந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், வந்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது, அந்த இரண்டு எழுத்தில் என்னென்னவோ ஆகிவிடும். அப்போது மணி இரண்டு நாற்பது. இப்போது நான்கு ஆகப் போகிறது. நான்கரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும், ஐந்து மணிக்குக் கப்பல் இந்த இத்தாலி ஊர் பலெர்மோவை விட்டுக் கிளம்பும், நாளைக் காலையில் மால்டா. தினமும் அறையில் வைத்துவிட்டுப் போகிற தாளில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது, அதை மூன்று தடவை படித்துவிட்டேன். தாளைப் படிக்கிற சாக்கில் கட்டிலைப் பார்க்காமல் இருக்கிறேன். கட்டிலில் அவள் பக்கம் கசங்கவே இல்லை. அறையைச் சுத்தம் செய்கிற பிலிப்பைன்ஸ்காரர் துண்டை முறுக்கி ஒரு குரங்கு செய்து அவள் தலையணை மேல் உட்கார வைத்திருக்கிறார். முதல் நாள் யானை, அடுத்த நாள் முயல், அதற்கடுத்து என்னவோ ஒரு கொக்கு. பிரிக்க மனசு வராமல் எல்லாவற்றையும் ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறாள். அறைக்கு வந்திருந்தால் முதல் வேலையாகக் குரங்கை எடுத்து அந்த வரிசையில் சேர்த்திருப்பாள். குரங்கு தலையணையிலேயே இருக்கிறது. அதனால் என்ன, அறைக்கு வராமல் நேராக மேலே டீ குடிக்கப் போயிருக்கலாம். நேற்றும் அப்படித்தான் போனாள், லோகநாயகியம்மாவோடு. ஈப்போவிலிருந்து வந்திருக்கிற மலேசியாக்காரர், எங்கள் சாப்பாட்டு மேசையில் புருஷனோடு உட்காருகிறவர், தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இவளை விடுவதே இல்லை. அங்கேதான் இருப்பாள்.

அப்படி நினைத்துக்கொண்டுதான் இரண்டே முக்காலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன், அதுவும் நல்ல தூக்கம், வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறேன், தலையணை ஈரமாக இருந்தது. எழுந்ததும் ரத்த அழுத்த மாத்திரை ஞாபகம் வந்தது, தண்ணீர் எடு என்று சொன்னேன், யாரும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவள் இன்னும் வரவில்லை என்று பட்டது. சரி, போன் பண்ணிப் பார்ப்போம் என்று பண்ணினேன். மணி அடிக்கிறது என்று நிம்மதியாகக் காதில் வைத்தால் இன்னொரு பக்கமும் அடிக்கிறது, நாற்காலியில் மாட்டியிருந்த என் தோள்பையிலிருந்து. அவள் போன் என்னிடம்தான் இருக்கிறது. அவள் கார்டு என்னிடம். பாஸ்போர்ட் என்னிடம். மூக்குக் கண்ணாடிகூட, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியதால், என் பையில். பார்சிலோனாவில் எங்களைக் கப்பலேற்றிவிட வந்தபோது மகள் யாழினி சொன்னாள், ஜெர்மனியில் மியூனிக்கிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், இந்தப் பயணமே என் அறுபதாம் கல்யாணத்துக்கு அவள் செய்த சீர்தான். "அப்பா, அம்மா கார்டையும் போனையும் அம்மாகிட்டயே குடுத்துருங்க. இதொண்ணும் ஈரோடு பஸ் ஸ்டாண்டு இல்ல." நான் சொன்னேன், "அவ எங்கியாச்சும் வெச்சுத் தொலைச்சுப்போடுவா கண்ணு." துளசி சிரித்தாள். அவள் சிரித்ததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன் பைக்குள் அடித்து ஓய்ந்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் என் பெயரே என்னைத் தேடியிருக்கிறது, தவறிய அழைப்பு ஒன்று.

பதினோராம் தளத்துக்கு லிஃப்ட் வர ஒரு யுகமாகிறது. உள்ளே ஈரத் துண்டு கட்டிய இரண்டு பேர், நீச்சல் குளத்து மருந்து வாசம், யாரோ வெடிச் சிரிப்பு. இவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மேலே டீ கொடுக்கிற இடத்தில் நூறு மேசை இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்தேன், நடந்துகொண்டே கண்ணால் எண்ணிப் பார்ப்பது எனக்குத் தண்ணி பட்ட பாடு. முப்பத்து மூன்று வருஷம் அரசு பஸ்ஸில் தலை எண்ணிச் சோறு தின்றவன். பதினொரு வருஷம் கண்டக்டர், இருபத்திரண்டு வருஷம் செக்கிங். பெருந்துறையில் ஏறி விஜயமங்கலத்துக்குள் வண்டியில் எத்தனை தலை, எத்தனை டிக்கெட், எந்த சீட்டுக்கடியில் எவன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். என் கண்ணில் ஒரு தலை தப்பியதில்லை. இன்றைக்கு ஊர் சுற்றப் போனபோது சந்தையில் தப்பிவிட்டதா. அந்தச் சந்தையில், மீன் கடைகள் முடிந்து காய்கறி ஆரம்பிக்கிற இடத்தில், பச்சையும் வெள்ளையுமாக ஆள் உயரத்துக்குச் சுரைக்காய் அடுக்கியிருந்தான் ஒருவன், பக்கத்தில் அதன் கொழுந்தைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தான். "ஏனுங்க, சித்த நில்லுங்க, நம்மூரு சொரக்காயாட்ட இருக்குது பாருங்க" என்றாள். "வா வா, நேரமாச்சு" என்றேன். நேரம் ஆகவில்லை. மணி ஒன்றரைகூட இருக்காது, ஏராளமாக நேரம் இருந்தது. எனக்கு எப்போதும் வாயில் வருவது அதுதான், கோவிலிலும் அதுதான், கல்யாண வீட்டிலும் அதுதான். அவள் நாலு அடி பின்னால் வருவாள், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை, ஏனென்றால் ரப்பர் செருப்பைச் சரட்டுச் சரட்டென்று இழுத்து நடப்பாள், அந்தச் சத்தம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவரைக்கும் அவளும் இருக்கிறாள் என்று அர்த்தம். யாழினி அவளுக்குத் துணி பூட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பஞ்சு மாதிரி இருக்குது என்று சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். அது சத்தம் போடாது. நாலைந்து நாளாக என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை, எனக்கு அது உறைக்கவும் இல்லை. நூறு மேசையிலும் துளசி இல்லை. பின்பக்கத் திறந்த வெளியில் பார்த்தேன், அங்கும் இல்லை. பக்கத்தில்தான் ஊர் தெரிகிறது, மலைக்கடியில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டடங்கள், எல்லாச் சந்தும் ஒரே மாதிரி, அதில் எந்தச் சந்து என்று எவனுக்குத் தெரியும். இல்லை, அங்கே எதற்குப் பார்க்கிறேன். அவள் கப்பலில் இருக்கிறாள்.

ஐந்தாம் தளத்தில் விசாரணை மேசை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிழவர் சட்டை இஸ்திரியைப் பற்றி ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார், முடிக்கிற வழியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை மனசுக்குள் கோத்துக்கொண்டு நின்றேன். மனைவியைக் காணோம் என்று சொல்லலாமா, அது ரொம்பப் பெரிய வார்த்தை, அதைச் சொன்னால் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், மூவாயிரம் பேருக்குத் தெரியும், யாழினிக்குத் தகவல் போகும், அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவாள், அதுதான் தாங்காது. மனைவி உள்ளே வந்துவிட்டாரா என்று மட்டும் கேட்டேன், நண்பர் வீட்டுச் செய்தி விசாரிக்கிற மாதிரி. அந்தப் பெண் துளசியின் கார்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். துளசியின் படம், பொட்டு சற்றுக் கோணலாக, பக்கத்தில் பச்சை எழுத்து. உங்கள் மனைவி கப்பலில் இருக்கிறார் ஐயா, இரண்டு நாற்பத்தொன்றுக்கு ஏறியிருக்கிறார், கடைகள் பக்கம் பாருங்கள் என்று கண்ணைச் சிமிட்டினாள். எனக்கு உயிர் வந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அதற்கு மேல் என்ன. நாலு அடி எடுத்து வைத்த பிறகுதான், அது நான் காட்டிய கார்டைத்தானே திருப்பி எனக்கே சொல்கிறது என்று பட்டது. இரண்டு தடவை கீச்சென்றது. கண்டக்டர் வேலையில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் ரைட், வண்டி போகலாம். நானே ரைட் கொடுத்துவிட்டேனா. எண்பத்தொன்பதில் காங்கேயத்தில் டீக்கு நிறுத்திய வண்டியை ரைட் கொடுத்துக் கிளப்பினேன், வெள்ளகோவில் தாண்டிய பிறகு ஒருத்தர் தூக்கம் கலைந்து எழுந்து என் சம்சாரம் எங்கே என்றார். வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். "பொண்டாட்டிய மறந்துபோட்டு என்ன தூக்கமுங்க உங்களுக்கு" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். எதிரே வந்த வண்டியில் அவரை ஏற்றிவிட்டோம். அந்த அம்மாள் காங்கேயத்தில் எங்கே நின்றாள், எவ்வளவு நேரம் நின்றாள், எதுவும் நான் விசாரிக்கவில்லை. இப்போது விசாரிக்க வேண்டும் போலிருக்கிறது, முப்பத்து நான்கு வருஷம் கழித்து, நடுக்கடல் கப்பலில் நின்றுகொண்டு.

நடுக்கடல் இல்லை, இன்னும் கரையில்தான் கட்டியிருக்கிறது, அதை மறக்கக் கூடாது. மணி நான்கு இருபத்தெட்டு. கடைகள் பக்கம் வாசனைத் தைலமும் கைப்பையுமாக விற்கிற இடத்தில் இன்னொரு சுற்று வந்தபோது படிக்கட்டில் லோகநாயகியம்மா இறங்கி வந்தார், தனியாக. அவர் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. "எங்க அண்ணே, துளசியக்காவ காலையிலருந்து காணோம், டீக்குக் கூப்பிடலாம்னு ரூம் கதவ தட்டுனேன், யாரும் திறக்கல" என்றார். தட்டினபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பதுக்கு என்னோடு ஏறினாளே, நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று கையைப் பிடித்து இழுத்தது. "உங்க பின்னாடி நான்தானே வந்தேன் அண்ணே. நாலஞ்சு பஸ்ஸு ஆளுங்க ஒண்ணா வந்து ஒரே தள்ளுமுள்ளு, அந்த கார்டு பாக்கறவன் என்னைய காட்டி உங்க வொய்பான்னு கேட்டான். நீங்க திரும்பாமலே ஆமான்னு தலையாட்டுனீங்க. எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அக்கா முன்னாடியே போயிட்டாங்கன்னு நெனச்சேன்." அவர் சிரித்துக்கொண்டே சொல்லி, பாதியில் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். காவலாள் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. தலையாட்டியது ஞாபகம் இருக்கிறது. எதற்கென்று தெரியாமல், சரி சரி நகரு என்கிற மாதிரி ஆட்டினேன். அப்படியானால் துறைமுக வாசலிலும் நான் மட்டும்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் கடல் தெரிகிற அந்தப் பெரிய சாலையில். அதற்கு முன்னால் தேவாலயத்துப் படிகளில் நின்று தண்ணீர் குடித்தபோது பாட்டிலைப் பின்னால் நீட்டினேன், யாரும் வாங்கவில்லை, தாகம் இல்லை போலிருக்கிறது என்று நானே மூடிப் பைக்குள் போட்டேன். பாட்டிலை நீட்டினேன், முகத்தைத் திருப்பவில்லை. அப்போதே அவள் இல்லை. ஒன்றரையிலிருந்து இல்லை. மூன்று மணி நேரமாகக் கையில் ஒரு காகிதம் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஊரில் துளசி தனியாக நிற்கிறாள், நான் மாத்திரைக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறேன்.

கீழே, கீழே, லிஃப்டுக்கு நிற்க முடியாது, படி. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகுகிறது, முனகட்டும். காலுக்கடியில் தரை லேசாக அதிர ஆரம்பித்துவிட்டது, எஞ்சினைப் போட்டுவிட்டார்கள், அந்த அதிர்வு பல்லில் தெரிகிறது. மதுரையில் ஒரு தடவை கோவில் கூட்டத்தில் பின்தங்கிவிட்டாள், அரை மணி நேரம், கிடைத்ததும் பொற்றாமரைக் குளத்தடியில் ஜனங்கள் நடுவில் வைத்துக் கேட்டேன், "எங்க போயித் தொலைஞ்ச" என்று. அவள் வளையல் வாங்கிய காகிதப் பொட்டலத்தை முந்தானைக்குள் மறைத்தாள். வளையல் யாழினிக்கு. இது இப்போது எதற்கு ஞாபகம் வர வேண்டும். மூன்றாம் தளத்தில் இறங்குபலகைக்குப் பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரன் நின்றான், அவனோடு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய அதிகாரி. மூச்சு வாங்கியது. கோத்து வைத்திருந்த இங்கிலீஷ் எல்லாம் கொட்டிப் போய்விட்டது. கார்டு வந்தது, மனைவி வரவில்லை, என்று சொன்னேன். அவர் புரியாமல் துளசியின் கார்டை வாங்கித் தட்டினார், பச்சை எழுத்து, இருக்கிறார் என்றார். இல்லை என்றேன். இருக்கிறார் ஐயா என்றார். இல்லை. நீலச் சட்டைக்காரன் முகம் வெளுத்துவிட்டது, அவனுக்கு என் யாழினி வயசுகூட இருக்காது, முகம் பார்க்காமலா விட்டாய் என்று அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். அவனை அதில் மாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், ஒரு வாக்கியம்கூடத் தேவையில்லை, சும்மா நின்றால் போதும். தப்பு அவன்மேல் இல்லை, என்மேல்தான், நான் திரும்பிப் பார்க்காமல் ஆமாம் என்று தலையாட்டினேன் என்றேன். எனக்கே அந்நியமான குரலில் சொன்னேன். அதிகாரி என் பக்கம் திரும்பினார். என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார். புடவை என்றேன். என்ன நிறம். காலையில் எனக்கு முன்னால்தான் கட்டினாள், கொசுவத்தைப் பிடித்துவிடச் சொன்னாள், நான் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம் என்றேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் போனை எடுத்துத் துறைமுக வாசலோடு பேசினார், பேசப் பேச அவர் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார். மூன்று மணியிலிருந்து ஒரு பெண்மணி வாசலில் இருக்கிறார். கையில் எந்தச் சீட்டும் இல்லை, பெயர் மட்டும் சொன்னார். வாசலில் இருப்பவர்கள் மூன்று பத்துக்கே கப்பலைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயருள்ள பயணி ஏற்கெனவே கப்பலில் இருக்கிறார் என்று இங்கிருந்து பதில் போயிருக்கிறது.

நீங்கள் இங்கேயே இருங்கள், வண்டி அனுப்பி அழைத்துவரச் சொல்கிறேன், வேண்டுமானால் ஐந்துக்கு மேலும் பத்து நிமிஷம் கப்பல் நிற்கும் என்றார். நான் இறங்கிவிட்டேன். பின்னாலேயே நீலச் சட்டைக்காரனும் ஓடி வந்தான். கான்கிரீட் தரை, வெயில், ஒரு பக்கம் மதில் மாதிரி கப்பல், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, இவ்வளவு நீளமா இது. கப்பல் போனால் போகட்டும். அவள் அங்கே இருக்க வேண்டும், மயங்கி விழாமல் இருக்க வேண்டும், அழாமல் இருக்க வேண்டும், அழுதிருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். வாசலில் கண்ணாடிக் கூண்டு, கம்ப்யூட்டர் முன்னால் ஒரு இளைஞன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு காகிதக் கோப்பையில் காபி கொடுத்திருக்கிறார்கள், காலியாக மடியில் இருந்தது. இலைப்பச்சைப் புடவை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள், அவசரமில்லாமல், முந்தானையைச் சரி செய்துகொண்டு. வா வா நேரமாச்சு என்று வாய் வரைக்கும் வந்தது, நிஜமாகவே நேரமாகிவிட்டிருந்தது, பல்லைக் கடித்து விழுங்கினேன். அவள்தான் பேசினாள். "நான் கப்பல்ல இருக்கறேனாமுங்க. இந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல காட்டுச்சு, என்ற போட்டோவெல்லாம் வருது. நான் இங்க இருக்கறேன், நான் இங்க இருக்கறேன்னு நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காட்டுனேன். அது இல்லீங்குது." குரலில் கோபம் இல்லை, பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். வழி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கப்பலோட புகைக்கொழா தெரிஞ்சுது, அதைப் பார்த்தே நடந்தேன்" என்றாள். நீலச் சட்டைக்காரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போனதும் நின்று என் முகத்தைப் பார்த்தாள், முழுசாக, கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "நான் இல்லீங்கறது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" சந்தையிலேயே தெரிந்தது, ஊரெல்லாம் தேடினேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள், நான் சொல்வதை நம்பாமல் இருந்ததில்லை. "நாலு மணிக்கு" என்றேன். "படுத்துத் தூங்கி எந்திரிச்ச பொறவு." அவள் தலையை ஆட்டினாள். கப்பல் ஒரு தடவை ஊதியது, வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது அந்தச் சத்தம். அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "மொதல்ல எனக்கு உசுரே போயிருச்சுங்க, அப்படி பயம்" என்றாள். "கொஞ்ச நேரங்கழிச்சுப் பயமில்ல." ஏன் என்று நான் கேட்க வேண்டும், அவள் நான் கேட்பதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள் என்று தெரிந்தது. நானில்லாமலே வழி கண்டு வந்தவள் என்ன சொல்வாளோ என்று எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது. காபிக் கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி, போடுவதற்கு இடம் தேடுகிற மாதிரி சுற்றிலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.